சத்தமில்லாத நோய்: ஒரு மாட்டுக் குடலின் 130 வருட வரலாறு

வரலாறு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? அரசர்கள், போர்கள், கப்பல்கள். எங்கள் வீடுகளில் என்றால் 1983, 1995, 2009 என்று ஆண்டுகளாகவே நினைவுக்கு வரும். ஒரு மாட்டின் குடலுக்கும் வரலாறு இருக்கிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வரலாற்றில் இரண்டு நோபல் பரிசுகள் இருக்கின்றன. இலட்சக்கணக்கான ஆடுகளை இழந்த ஒரு தீவு இருக்கிறது. உங்களில் பலருடைய கையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு குழாய் இரத்தமும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள். யுட்லாந்துப் பக்கம் பேருந்தில் போனால் சன்னலுக்கு வெளியே கறுப்பு வெள்ளை மாடுகள் வந்துகொண்டே இருக்கும். பார்க்க எல்லாமே கொழுகொழுவென்று நல்ல சுகமாகத்தான் தெரியும். ஆனால் பார்த்தால் தெரியாத ஒரு நோய் இந்த நாட்டு மாட்டுப்பட்டிகளிலும் உலகின் பல பால் பண்ணைகளிலும் இருக்கிறது. அதன் பெயர் யோனே நோய். விஞ்ஞானிகள் பராடியூபர்குலோசிஸ் என்பார்கள். கன்றாக இருக்கும்போது உள்ளே போகும் ஒரு பக்டீரியா, மாடு வளர்ந்து, கன்று போட்டு, பால் கொடுக்கும் காலம் வரை குடலில் ஒளிந்திருக்கும். இரண்டு முதல் ஐந்து வருடங்கள், சில வேளை அதற்கும் மேல். பிறகு ஒரு நாள் மாடு மெலியத் தொடங்கும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை.

இத்தனை வருடமும் அந்த மாட்டின் நோயெதிர்ப்புச் சக்தி என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கியதா, தோற்றதா, அல்லது தவறான ஆயுதத்தைக் கையில் எடுத்ததா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இது.

ஒல்டன்பேர்க்கில் ஒரு பசு

1894ஆம் ஆண்டு. வட ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் பகுதியில் ஒரு விவசாயி வாங்கிய பசு எதிர்பார்த்த அளவு பால் தரவில்லை. உடம்பும் தேறவில்லை. பார்க்க வந்த மிருக வைத்தியர் குடலில் காசநோய் என்று சந்தேகித்தார். அது நியாயமான சந்தேகம். ரொபேர்ட் கொக் காசநோய்க் கிருமியை 1882இல்தான் கண்டுபிடித்திருந்தார். 1890இல் டியூபர்குலின் என்ற திரவத்தையும் தயாரித்திருந்தார். அதை மருந்தாக எண்ணித்தான் அவர் அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் காசநோய் உள்ள மாட்டுக்கு அதை ஊசியில் ஏற்றினால் காய்ச்சல் வரும் என்று தெரிந்தது. ஆகவே நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக அது மாறியிருந்தது.

அந்தப் பசுவுக்கும் டியூபர்குலின் ஏற்றினார்கள். காசநோய் என்று சொல்லும்படியான எதிர்வினை வரவில்லை. பசு இறந்தது. அதன் குடலும் நிணநீர்க் கணுக்களும் டிரெஸ்டன் நகரின் மிருக வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஹைன்றிச் யோனே என்ற பேராசிரியரும், அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்து வந்திருந்த லாங்டன் புரோதிங்ஹாம் என்பவரும் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். குடலின் உட்சுவர் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. காசநோய்க் கிருமிக்குப் பயன்படுத்தும் சாயத்தைப் போட்டதும் சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன.

1895இல் அவர்கள் எழுதிய முடிவு: இது வழக்கத்துக்கு மாறான ஒரு காசநோய், பறவைகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியால் வந்திருக்கலாம். இது வேறொரு தனி நோய் என்பது யோனேக்குத் தெரியாது. ஆனாலும் நோய்க்கு அவருடைய பெயர்தான் நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பறவைக் கிருமி என்ற அவர்களின் ஊகத்தைப் பின்னால் வந்தவர்கள் கைவிட்டார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தக் கிருமி பறவைக் காசநோய்க் கிருமியின் மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 1990இல் அதன் பெயரையே மைக்கோபக்டீரியம் ஏவியம் துணையினம் பராடியூபர்குலோசிஸ் என்று மாற்றினார்கள். ஏவியம் என்றால் பறவைகளுக்குரியது. நீளமான பெயர் என்பதால் எல்லாரும் அதைச் சுருக்கி மேப் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கொப்பன்ஹேகனின் பேராசிரியர்

இது காசநோய் இல்லை, தனி நோய் என்று காட்டியவர் எங்கள் ஊர்க்காரர். பேர்ன்ஹார்ட் பாங், 1848இல் பிறந்த டென்மார்க் விஞ்ஞானி. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாக் கிருமியை 1897இல் கண்டுபிடித்தவர் இவர்தான்.

1906இல் பாங் நோயுற்ற மாட்டின் குடல் திசுவைக் கன்றுகளுக்குக் கொடுத்து அதே நோயை உண்டாக்கிக் காட்டினார். காசநோய் அவற்றுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு பிரித்தானிய மிருக வைத்தியர் ஜோன் மக்பாடியன் இதை யோனே நோய் என்று அழைத்தார்.

பாங் கன்றுகளைப் பயன்படுத்தியதைக் கவனியுங்கள். இந்த நோய் பெரும்பாலும் பிறந்த முதல் சில மாதங்களில்தான் தொற்றுகிறது. வளர்ந்த மாட்டுக்குத் தொற்றுவது கடினம். ஏன் என்பதற்கான விடையில் பால் வருகிறது.

என் அப்பம்மா யாழ்ப்பாணத்தில் மாடு வளர்த்தவர். கன்று போட்ட மாட்டின் முதல் பாலைக் கடும்புப் பால் என்பார். தமிழ்நாட்டில் சீம்பால் என்பார்கள். மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாக அதற்குக் கிடைத்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அப்படி எதையும் கடத்தாது. கன்று ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. அந்த முதல் பாலில்தான் தாயின் பிறபொருளெதிரிகள் எல்லாம் செறிந்திருக்கின்றன. அவற்றை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளக் கன்றின் குடல் முதல் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்திருக்கும். கடும்பு கிடைக்காத கன்று பிழைப்பது கடினம் என்று எங்கள் ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

ஆனால் தாய்க்கு யோனே நோய் இருந்தால் அதே பாலில் மேப் கிருமியும் வரலாம். சாணம் பட்ட மடியிலிருந்து வருவது இன்னும் அதிகம். பெரிய பண்ணைகளில் பல மாடுகளின் முதல் பாலை ஒன்றாகக் கலந்து எல்லாக் கன்றுகளுக்கும் கொடுத்தால், ஒரு தாயின் நோய் ஒரு கொட்டில் கன்றுகளுக்கும் போய்விடும். உயிர் காக்கும் பாலிலேயே உயிர் எடுக்கும் கிருமியும் வருகிறது.

இரண்டு கட்சிகள்

மாட்டை ஒரு நிமிடம் விட்டுவிட்டு அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் சண்டையைப் பார்ப்போம். அது இல்லாமல் இந்த நோய் விளங்காது.

1882இல் இலியா மெச்னிகொவ் என்ற ரஷ்யப் பேரரசின் விஞ்ஞானி இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீனின் குடம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல் தெளிவான அந்த உடலுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் அந்த முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் மொய்த்திருந்தன. உடலைக் காப்பவை இந்தத் தின்னும் கலங்கள்தான் என்று அவர் முடிவு செய்தார். அவற்றில் பெரியவற்றுக்கு மக்ரோபேஜ் என்று பெயர். கிரேக்க மொழியில் பெருந்தீனிக்காரர் என்று பொருள்.

ஜேர்மனியில் எமில் வொன் பேரிங் வேறு விதமாகச் சொன்னார். 1890இல் அவரும் ஜப்பானியரான கித்தசாதோ ஷிபாசபுரோவும் இரத்தத்தின் நீர்ப்பகுதியில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். நோயிலிருந்து தப்பிய விலங்கின் இரத்த நீரை வேறொன்றுக்கு ஏற்றினால் அதற்கும் பாதுகாப்புக் கிடைத்தது. அந்த நீரில் இருப்பதைத்தான் இன்று பிறபொருளெதிரி என்கிறோம்.

கலங்களா, இரத்த நீரா? பல வருடங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். முதலாவது மருத்துவ நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குப் போனது. 1908இல் மெச்னிகொவுக்கும், இரத்த நீர்க் கட்சியைச் சேர்ந்த போல் ஏர்லிக்குக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் சரி என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆனால் எந்த எதிரிக்கு எந்தப் படை என்ற கேள்வி மிச்சமிருந்தது. யோனே நோய் அந்தக் கேள்விக்குள்தான் வாழ்கிறது.

குடலுக்குள் நடப்பது

இனி இன்று நாங்கள் அறிந்ததைச் சொல்கிறேன். கன்று விழுங்கிய மேப் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போகிறது. அங்கே குடல் சுவரில் நோயெதிர்ப்புக் கலங்கள் கூடியிருக்கும் திட்டுகள் உண்டு. அவற்றின் மேல் எம் கலங்கள் என்ற காவலாளிகள் இருக்கின்றன. குடலில் என்ன வருகிறது என்று மாதிரி எடுத்து உள்ளே அனுப்புவது அவற்றின் வேலை. மேப் அந்த வாசலாலேயே நுழைகிறது. உள்ளே காத்திருக்கும் மக்ரோபேஜ் அதை உடனே விழுங்குகிறது.

சாதாரணக் கிருமி என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். மக்ரோபேஜ் தான் விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையை அமிலமாக்கி, செரிக்கும் நொதிகளைச் சேர்த்துக் கொன்றுவிடும். மேப் அந்தப் பை முதிர்ச்சி அடைவதைத் தடுக்கிறது. அமிலம் போதிய அளவு சேர்வதில்லை. மெழுகு போன்ற கொழுப்புச் சுவரும் அதற்குக் கவசமாக இருக்கிறது. தன்னை விழுங்கிய கலத்தையே அது வீடாக்கிக்கொள்கிறது. சிறைச்சாலைக்குள் போன கள்வன் அங்கேயே சமையலறை வைத்து வாழ்வது போல.

உடல் சும்மா இருப்பதில்லை. டீ கலங்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையை வெளிவிடுகின்றன. மக்ரோபேஜைத் தட்டியெழுப்பி, உள்ளே இருப்பதைக் கொல் என்று உத்தரவிடும் சமிக்ஞை அது. சுற்றிலும் கலங்கள் அணிவகுத்து ஒரு முடிச்சுப் போல் கிருமியைச் சிறைப்படுத்துகின்றன. இந்தக் காலம் முழுவதும் மாடு சுகமாகவே தெரியும். சாணத்தில் கிருமி இல்லை, அல்லது மிகக் குறைவு. இது மெச்னிகொவின் பக்கம், கலங்களின் போர்.

பிறகு ஏதோ ஒரு கட்டத்தில், பல மாடுகளில் கன்று போட்டதை ஒட்டி, இந்தப் போர் தளர்கிறது. இன்டர்பெரோன் காமா குறைகிறது. இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் ஏறுகின்றன. பேரிங்கின் படை களத்தில் இறங்கிவிட்டது. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் பிறபொருளெதிரிகளால் கலங்களுக்கு வெளியே இருக்கும் எதிரியைத்தான் பிடிக்க முடியும். மேப் கலங்களுக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே பிறபொருளெதிரி ஏற ஏற மாடு மோசமாகிறது.

1986இல் ரிம் மொஸ்மன், ரொபேர்ட் கொஃப்மன் என்ற இருவர் எலிகளின் டீ கலங்களில் இரண்டு வகை உண்டு என்று காட்டினார்கள். ஒரு வகை கலப் போரை நடத்துகிறது, மற்றது பிறபொருளெதிரிகளைத் தூண்டுகிறது. யோனே நோயை ஆராய்ந்தவர்களுக்கு அது ஒரு விளக்கு ஏற்றியது போல இருந்தது. ஒரு வகையிலிருந்து மற்ற வகைக்கு மாறும் இடத்தில்தான் மாடு தோற்கிறது என்று சொல்ல முடிந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இது அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்றும் காட்டின. இரண்டு எதிர்வினைகளும் ஒரே நேரத்தில் இருக்கும் மாடுகளும் உண்டு. நீண்ட போரில் டீ கலங்கள் களைத்துப் போவதும் உண்டு.

முடிவில் குடல் சுவர் முழுவதும் கிருமி நிறைந்த மக்ரோபேஜ்களால் தடித்துவிடுகிறது. உணவு உறிஞ்சப்படுவதில்லை. உடலின் புரதம் குடல் வழியாகக் கசிந்து போகிறது. தண்ணீர் போல் கழிச்சல் போகும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும். கொடுமை என்னவென்றால் மாட்டுக்குப் பசி குறைவதில்லை. கடைசி வரை நன்றாகத் தின்னும், தின்றுகொண்டே மெலியும். அந்த அழிவின் பெரும் பகுதியைச் செய்வது கிருமியின் நஞ்சு இல்லை, அதைத் துரத்தி வந்து நிறையும் மாட்டின் சொந்தக் கலங்கள்.

இரும்புக்குப் பசித்த கிருமி

இந்தக் கிருமியை உடலுக்கு வெளியே வளர்க்க ஆரம்பத்தில் யாராலும் முடியவில்லை. லண்டனில் பிரெடெரிக் ட்வோர்ட் என்பவர் வித்தியாசமாக யோசித்தார். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் எளிதாக வளர்கின்றன. அவற்றிடம் இருக்கும் ஏதோ ஒன்று இதனிடம் இல்லை. அப்படியானால் அந்தக் கிருமிகளைக் கொன்று உணவில் கலந்து கொடுத்தால் என்ன? 1910களின் தொடக்கத்தில் அவரும் இங்கிராம் என்பவரும் அப்படிச் செய்து மேப்பை வளர்த்துக் காட்டினார்கள். இதே ட்வோர்ட்தான் 1915இல் பக்டீரியாக்களைத் தின்னும் வைரஸ்களைப் பற்றியும் முதலில் எழுதியவர்.

குறைந்திருந்த பொருள் என்ன என்பது 1949இல் வெளியானது. மைக்கோபக்டின் என்று பெயர். சூழலிலிருந்து இரும்பைப் பிடித்திழுக்கும் ஒரு பொருள் அது. எங்கள் உடல்களும் மாட்டின் உடலும் தொற்று வரும்போது இரும்பை ஒளித்து வைக்கும். இரும்பில்லாமல் கிருமி வளர முடியாது. அதுவும் ஒரு பாதுகாப்பு முறைதான். மைக்கோபக்டின் கொடுத்தாலும் மேப் மிக மெதுவாகவே வளரும். ஆய்வுகூடத்தில் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம்.

ஐஸ்லாந்துக்குப் போன 20 ஆடுகள்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலித்த பகுதி இது.

1933இல் ஐஸ்லாந்து தன் செம்மறி இனத்தை மேம்படுத்த ஜேர்மனியின் ஹாலேயிலிருந்து 20 கரகுல் ஆடுகளை இறக்குமதி செய்தது. எல்லாவற்றுக்கும் சுகச் சான்றிதழ் இருந்தது. தலைநகருக்கு அருகே தேர்னே என்ற சிறு தீவில் இரண்டு மாதம் தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். ஒரு ஆட்டுக்கும் ஒன்றுமில்லை. பிறகு நாட்டின் பல பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

சில வருடங்களில் ஐஸ்லாந்தின் ஆடுகள் சாகத் தொடங்கின. சில மூச்சுத் திணறிச் செத்தன, சில மெலிந்து செத்தன. அந்த 20 ஆடுகளோடு ஒன்றுக்கு மேற்பட்ட மெதுவான நோய்கள் வந்திருந்தன. மேடி என்ற நுரையீரல் நோய் ஒன்று. யோனே நோய் இன்னொன்று. ஆயிரம் வருடமாகத் தனித்திருந்த தீவின் ஆடுகளுக்கு இவற்றோடு எந்தப் பழக்கமும் இருக்கவில்லை. செம்மறியை நம்பி வாழ்ந்த நாடு அது. கடைசியில் வேலிகள் போட்டு நாட்டையே பிரித்து, பகுதி பகுதியாக இலட்சக்கணக்கான ஆடுகளைக் கொன்று, சுத்தமான பகுதிகளிலிருந்து புதிய ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். மேடி 1965க்குள் ஒழிந்தது. யோனே நோய் ஒழியவில்லை. மேப் சாணத்திலும் மண்ணிலும் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

இரண்டு மாதம் என்பது மனிதரின் பொறுமைக்கு ஏற்ற அளவு. அந்தக் கிருமியின் கணக்கோ வருடங்களில் இருந்தது.

அந்த அழிவைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் பியோர்ன் சிகுர்ட்சன், 1913இல் பிறந்தவர். ரெய்க்யாவிக் அருகே கெல்டூர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். யோனே நோய்க்கு, கொன்ற கிருமிகளை எண்ணெயில் கலந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். அது தொற்றை முழுவதும் தடுக்கவில்லை, ஆனால் ஆடுகள் சாவது பெருமளவு குறைந்தது. 1966இலிருந்து நோய் உள்ள பகுதிகளில் அந்தத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயமானது. 1954இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் அவர் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார்: மெதுவான தொற்றுகள். கிருமி உள்ளே போய் நீண்ட காலம் அமைதியாக இருந்து, பிறகு ஒரே திசையில், ஏறக்குறைய எப்போதும் மரணத்தை நோக்கி நகரும் நோய்கள். மேடி வைரஸின் குடும்பத்துக்கு இன்று லென்டிவைரஸ் என்று பெயர். லென்டி என்றால் லத்தீனில் மெதுவானது. எச்.ஐ.வி. கிருமியும் அதே குடும்பம். சிகுர்ட்சன் 1959இல், 46 வயதில் இறந்தார். எய்ட்ஸ் நோயை உலகம் அறிந்தது அதற்கு இருபது வருடங்களுக்குப் பிறகு.

மாடுகளுக்கும் தடுப்பூசி உண்டு. பிரான்சில் வல்லே, ரின்ஜார் என்ற இருவர் 1926இலேயே முயன்றார்கள். ஆனால் அது பரவலாகவில்லை. தடுப்பூசி போட்ட மாடு காசநோய்ப் பரிசோதனையிலும் எதிர்வினை காட்டிவிடலாம். மாட்டுக் காசநோயை ஒழிக்கப் பாடுபட்ட நாடுகளுக்கு அது பெரிய தலைவலி. காசநோயும் யோனே நோயும் உறவுக் கிருமிகள் என்பதால், ஒன்றுக்கு எதிரான கதவை அடைத்தால் மற்றதைப் பார்க்கும் சன்னலும் அடைபடுகிறது.

அவுஸ்திரேலியாவில் ஒரு குழாய் இரத்தம்

இனி உங்கள் கைக்கு வருகிறேன்.

1980களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் அரச ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் மாட்டுக் காசநோய்க்கு ஒரு புதிய பரிசோதனையை உருவாக்கினார்கள். மாட்டின் இரத்தத்தைக் குழாயில் எடுத்து, கிருமியின் புரதங்களைச் சேர்த்து ஓரிரவு வைத்தார்கள். முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்த டீ கலங்கள் இரத்தத்தில் இருந்தால் அவை இன்டர்பெரோன் காமாவை வெளிவிடும். அதை அளந்தால் போதும். பிறபொருளெதிரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கலங்களின் நினைவையே கேட்டுவிடலாம். யோனே நோயின் ஆரம்பக் கட்டத்தைத் தேடவும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த மாட்டுப் பரிசோதனைதான் பின்னர் மனிதருக்கான காசநோய்ப் பரிசோதனையாக மாறியது. குவான்டிபெரோன் என்ற பெயரில் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த உறவினர் யாராவது காசநோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்திருந்தால், அல்லது நீங்களே ஆஸ்பத்திரி வேலைக்கோ படிப்புக்கோ அப்படி இரத்தம் கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் இந்த வகைதான். அதன் முதல் நோயாளிகள் மாடுகள்.

எங்களுக்கும் வருமா?

இதைப் படிக்கும்போது சிலருக்குக் குரோன் நோய் நினைவுக்கு வந்திருக்கும். எங்கள் தலைமுறைப் பிள்ளைகளிலும் அந்த நோயோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். குடல் தடித்து, வயிற்று வலியும் மெலிவும் தரும் நோய்.

1913இல் கிளாஸ்கோவின் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னடி டால்சியல், தன் நோயாளிகள் சிலரின் குடல் யோனே நோய் வந்த மாட்டுக் குடலைப் போலவே இருப்பதாக எழுதினார். ஆனால் அந்தக் கிருமியை அவரால் காண முடியவில்லை. 1932இல் நியூயோர்க்கில் பேரில் குரோனும் சக வைத்தியர்களும் விரிவாக எழுதிய பிறகு அவர் பெயரில் அந்த நோய் அறியப்பட்டது. 1984இல் குரோன் நோயாளிகள் சிலரின் குடலிலிருந்து மேப் வளர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து விவாதம் ஓயவில்லை. சில நோயாளிகளில் மேப் இருப்பது தெரியும். ஆனால் அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. 2001இல் குரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவாக நொட்2 கண்டுபிடிக்கப்பட்டது. கலத்துக்குள் பக்டீரியாவின் துண்டுகளை உணரும் மரபணு அது. இதுவும் மக்ரோபேஜுக்குள் நடக்கும் கதைதான்.

பயப்படுவதற்காக இதை எழுதவில்லை. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது மேப்பின் மிகப் பெரும் பகுதி அழிந்துவிடும். குரோன் நோய் உள்ளவர்கள் தங்கள் வைத்தியர் சொல்வதைக் கேட்பதே சரி. அந்த வைத்தியர் ரி.என்.எஃப். என்ற சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து கொடுப்பதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார். உடலில் கிருமிகளைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் முடிச்சுகளைக் கட்டிக் காப்பது அந்தச் சமிக்ஞைதான். அதை நிறுத்தினால் உறங்கும் காசநோய் எழும்பலாம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

ஒல்டன்பேர்க் பசு செத்து 130 வருடங்கள் ஆகின்றன. 2005இல் மேப்பின் முழு மரபணுத் தொடரையும், ஏறக்குறைய 48 இலட்சம் எழுத்துகளையும், வாசித்துவிட்டார்கள். ஆனால் 2007இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் பார்த்தபோது பால் பண்ணைகளில் ஏறக்குறைய 68 சதவீதத்தில் இந்தக் கிருமி இருந்தது. நோய் வெளியே தெரிந்த ஒரு மாட்டுக்குப் பின்னால் 15 முதல் 25 மாடுகளுக்குத் தொற்று இருக்கலாம் என்ற மதிப்பீட்டை மிருக வைத்தியர்கள் அடிக்கடி சொல்வார்கள்.

டென்மார்க் 2006இல் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. விரும்பிச் சேரும் விவசாயிகளின் மாடுகள் ஒவ்வொன்றின் பாலிலும் பிறபொருளெதிரியை ஆண்டுக்குப் பல தடவை அளக்கிறார்கள். ஒரு தடவை பார்த்தால் ஏமாற்றும் நோய் இது. ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரலாறு எழுதுகிறார்கள். அந்த வரலாற்றைப் பார்த்து மாடுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு மாட்டின் முதல் பால் கன்றுகளுக்குப் போகாது. அது கன்று போடும் இடம் தனி. திரும்பத் திரும்ப எதிர்வினை காட்டிய மாட்டை அடுத்த கன்றுக்கு முன் மந்தையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சுகப்படுத்தும் மருந்து இதில் இல்லை. கன்றுக்கும் சாணத்துக்கும் இடையே வைக்கும் தூரமும் பொறுமையும்தான் மருந்து.

மாட்டின் நோயெதிர்ப்புச் சக்தி தூங்கவில்லை என்பதுதான் இத்தனை வருடத் தேடலின் விடை. அது பல வருடங்கள் யாருக்கும் தெரியாமல் போரிடுகிறது. போர் நடக்கும்போது நாங்கள் அதைச் சுகம் என்கிறோம். தோற்கும்போதுதான் நோய் என்கிறோம். ஐஸ்லாந்து 20 ஆடுகளைக் கண்ணால் பார்த்து ஏமாந்தது. இன்றைய விவசாயி ஒரே மாட்டின் பாலை நாலைந்து தடவை பார்த்துவிட்டும் ஒரு மஞ்சள் அடையாளம் போட்டுக் காத்திருக்கிறார். இத்தனை மெதுவான கிருமியோடு போட்டி போட, மனிதரும் மெதுவாகப் பார்க்கப் பழகவேண்டியிருந்தது.

உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள்? நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா, எங்கே இருந்தாலும் தேடிப் பாருங்கள். உயிரியல் பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டியவர்கள் யாராவது இருந்தால், மெச்னிகொவின் நட்சத்திர மீனிலிருந்து தொடங்குங்கள். நல்ல தொடக்கம் அது.